ஆம்புலன்ஸ் திரும்பிப் போன பிறகு...

விபத்து என்றால் ஓடி வருகிறோம். நள்ளிரவில் இரத்தம் வேண்டும் என்று செய்தி வந்தால், விடிவதற்குள் நம் இளைஞர்கள் நான்கு பேர் மருத்துவமனை வாசலில் நிற்கிறார்கள். சமுதாய அமைப்புகளின் ஆம்புலன்ஸ்கள் சாதி, மதம் பாராமல் ஓடுகின்றன. 2020லும் 2021லும் கொரோனா வந்தபோது, உற்றார் உறவினரே தொட அஞ்சிய உடல்களை நம் பிள்ளைகள் தோளில் சுமந்து அடக்கம் செய்தார்கள். நாடே பார்த்தது, பாராட்டியது. அல்ஹம்துலில்லாஹ்!

ஆனால் சகோதரர்களே, ஒரு கேள்வி. அந்த ஆம்புலன்ஸ் நோயாளியை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போன பிறகு, கதவுக்கு உள்ளே என்ன நடக்கிறது? அதை நம்மில் எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கிறோம்?

சில நோய்கள் பத்து நாளில் போய்விடும். சில நோய்கள் வீட்டுக்குள் வந்து பாய் விரித்துப் படுத்துவிடும். சிறுநீரகச் செயலிழப்பு, பக்கவாதம், புற்றுநோய் என்று எந்தப் பெயரில் வந்தாலும் அந்த வீட்டின் காலையும் இரவும் மாறிப் போகும். நோயாளி ஒருவர்தான் என்றாலும் நோய் பிடித்தது அந்த வீடு முழுவதையும். அதிலும் படுத்தது குடும்பத் தலைவி என்றால், கட்டிய கணவன் அடுப்பங்கரைக்கும் கட்டிலுக்கும் கடைக்கும் நடுவே மூன்றாகப் பிளந்து நிற்கிறான்.

அந்தக் கணவனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவனுக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அவனுக்காக நாம் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது.

வாரத்தில் மூன்று நாள்

டயாலிசிஸ் என்ற சொல் இன்று நம் தெருக்களில் புதிதல்ல. சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் கவனிக்கப்படாமல் போனால் அவை கடைசியில் வந்து நிற்கும் இடங்களில் ஒன்று சிறுநீரகம். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டால், மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும் வரை, கிடைக்காவிட்டால் ஆயுள் முழுவதும், இயந்திரம்தான் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும்.

வழக்கமாக வாரத்திற்கு மூன்று முறை. ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். ஆண்டுக்கு 156 முறை! இறைவன் தந்த சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் ஓயாமல் செய்கிற வேலையை, இயந்திரம் 12 மணி நேரத்தில் செய்து முடிக்கப் பார்க்கிறது. அதனால்தான் டயாலிசிஸ் முடிந்து வருகிறவர் அன்று முழுவதும் துவண்டு கிடக்கிறார். மறுநாள் கொஞ்சம் தெளிகிறார். அதற்குள் அடுத்த முறை வந்துவிடுகிறது.

நான்கு மணி நேரம் என்பது இயந்திரத்தின் கணக்கு. குடும்பத்தின் கணக்கு வேறு. விடியற்காலையில் எழுப்பி, முகம் கழுவ வைத்து, உடை மாற்றி, ஆட்டோ பிடித்து, மருத்துவமனையில் எடை பார்த்து, படுக்கை கிடைக்கும் வரை காத்திருந்து, முடிந்த பின் ஊசி குத்திய இடத்தில் இரத்தம் நிற்கும் வரை அழுத்திப் பிடித்து, தலைசுற்றல் குறைந்த பிறகு கைத்தாங்கலாக வீட்டுக்கு அழைத்து வர ஆறு மணி நேரம் ஆகிவிடும். வாரத்திற்குப் பதினெட்டு மணி நேரம். இதில் ஒரு முறையைக்கூடத் தவற விட முடியாது. உடலில் நீரும் பொட்டாசியமும் ஏறிவிட்டால் மூச்சு திணறும்; இதயத் துடிப்பே தடுமாறும். ‘இன்று வெள்ளிக்கிழமை, கூட்டம் அதிகம், நாளைக்குப் போகலாம்’ என்று தள்ளிப் போட முடியாத வேலை இது.

அடுப்பங்கரையில் ஒரு மருத்துவமனை

மற்ற நாட்கள் ஓய்வு என்று நினைக்கிறீர்களா? இல்லை. அன்றைக்கு மருத்துவமனை அடுப்பங்கரைக்கு வந்துவிடுகிறது.

தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்வார். பலருக்கு அது ஒரு நாளைக்கு ஒரு லிட்டரைத் தாண்டாது. தேநீர், ரசம், கஞ்சி, மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அந்தக் கணக்கில்தான். சித்திரை வெயிலில், நாக்கு வறண்டு, ‘இன்னும் ஒரு வாய் தாங்க மச்சான்’ என்று கேட்கிற மனைவியிடம் ‘வேண்டாம்’ என்று சொல்கிற கணவனின் மனநிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள்! ஒரு பனிக்கட்டித் துண்டை வாயில் போட்டு, அதையும் கணக்கில் எழுதிக் கொள்கிறான் அவன்.

உப்பைக் குறைக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு தட்டுக்கு வரக் கூடாது. பொட்டாசியம் மிகுந்த வாழைப்பழம், ஆரஞ்சு, இளநீர், பேரீச்சம்பழம் போன்றவற்றை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. காய்கறியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடையில் விற்பதை நல்லது என்று நம்பி வாங்கி வந்துவிடக் கூடாது. அதில் பெரும்பாலும் சோடியத்திற்குப் பதிலாகச் சேர்த்திருப்பது பொட்டாசியம்தான்! சிறுநீரக நோயாளிக்கு அது ஆபத்து. மளிகைக் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

அத்துடன் முடிந்ததா? டயாலிசிஸ் செய்வதற்காகக் கையில் இரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருப்பார்கள். அந்தக் கைதான் நோயாளியின் உயிர்நாடி. அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது. இரத்தம் எடுக்கக் கூடாது. குடம் தூக்கக் கூடாது. இறுக்கமான வளையல் கூடாது. தினமும் அந்த இடத்தில் விரல் வைத்துப் பார்த்து, உள்ளே அதிர்வு இருக்கிறதா என்று அறிய வேண்டும். அதிர்வு இல்லை என்றால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இரவில் படுத்தவுடன் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தால் நீர் சேர்ந்துவிட்டது என்று பொருள். அப்போதும் ஓட வேண்டும்.

இத்தனை ஆண்டுகளாக ‘சோறு ஆயிருச்சா?’ என்று மட்டும் கேட்டுப் பழகிய ஆண்மகன், திடீரென்று ஒரு நாள் இத்தனையும் கற்றுக்கொள்ள வேண்டியவனாகிறான். கொத்தமல்லி எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. அந்த வீட்டை இத்தனை காலம் யார் தாங்கிப் பிடித்தார் என்பது அன்றைக்குத்தான் அவனுக்கு விளங்குகிறது!

கடையா? கட்டிலா?

மாதச் சம்பளக்காரருக்கு விடுப்பு உண்டு. அது தீர்ந்தாலும் சம்பளமில்லா விடுப்பு என்று ஒன்று உண்டு. சிறு வணிகனுக்கு எந்த விடுப்பு இருக்கிறது? கதவைச் சாத்தினால் அன்றைய வரும்படி அத்தோடு முடிந்தது. வாரத்தில் மூன்று அரை நாள் ஷட்டர் இறங்கியிருந்தால், வாடிக்கையாளர் இரண்டு முறை வந்து பார்ப்பார். மூன்றாவது முறை அடுத்த கடைக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. கொடுக்கல் வாங்கலில் கடன் நோட்டுப் பாக்கி வசூலாகாது. ஆனால் சரக்குப் போட்டவர் தவணை தவறாமல் வந்து நிற்பார். வாடகை நிற்காது. கரண்டு பில் நிற்காது.

முதலில் கைமுதல் கரைகிறது. அடுத்து மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. அதற்கும் அடுத்து? வட்டி! வட்டியை ஹராம் என்று வாழ்நாளெல்லாம் ஒதுக்கியவன் மீட்டர் வட்டிக்காரனின் வாசலில் நிற்கிறான். அவன் ஈமான் பலவீனமானதால் நின்றான் என்று தீர்ப்புச் சொல்லும் முன், ஊர் அவனை எப்படித் தனியே விட்டது என்பதையும் நாம் யோசிக்க வேண்டாமா?

அரசின் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. டயாலிசிசுக்கும் அதில் இடம் உண்டு. மாவட்ட மருத்துவமனைகளில் ஏழைகளுக்கு இலவச டயாலிசிஸ் வழங்கும் தேசியத் திட்டமும் 2016இல் வந்தது. ஆனால் காப்பீட்டுக்கு வருமான வரம்பு ஒன்று உண்டு. முன்பு ஆண்டுக்கு 72,000 ரூபாயாக இருந்தது பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதாவது மாதம் பத்தாயிரம். மாதம் பன்னிரண்டாயிரம் சம்பாதிக்கும் பெட்டிக்கடைக்காரர் இந்தக் கணக்கில் ‘வசதி படைத்தவர்’ ஆகிவிடுகிறார்! காப்பீடு கிடைத்தவருக்கும் அது இயந்திரத்தின் செலவைத்தான் தருகிறது. ஆட்டோச் செலவையும், மூடிய கடையின் நட்டத்தையும், இழந்த தூக்கத்தையும் எந்தக் காப்பீடு தரும்?

சுமை யார் தலையில்?

இந்த நெருக்கடியில் நம் குடும்பங்கள் வழக்கமாக என்ன தீர்வு காண்கின்றன? கசப்பாக இருந்தாலும் பேசித்தான் ஆக வேண்டும்.

முதல் தீர்வு: மகளின் படிப்பை நிறுத்துவது. ‘உம்மாவைப் பார்த்துக்க ஆள் இல்லை, நீ வீட்டில் இரு’ என்று பிளஸ் டூ படிக்கும் பிள்ளையின் புத்தகப் பையை மூட்டை கட்டி வைப்பது. அதே வீட்டில் மகன் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருப்பான். அவன் படிப்பை நிறுத்துவது யாருக்கும் தோன்றாது. முஸ்லிம் பெண்கள் கல்வியில் பின்தங்கிவிட்டார்கள் என்று மேடையில் முழங்குகிறோமே, அந்தப் பின்தங்கல் இப்படியும் ஒவ்வொரு வீடாக நடக்கிறது என்பதை உணர்கிறோமா?

இரண்டாவது தீர்வு: வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவது. வளைகுடாவில் உழைக்கும் நம் சகோதரர்களின் நிலை நெஞ்சை உருக்குவது. வேலையை விட்டால் மருந்துக்குப் பணமில்லை. விடாவிட்டால் மனைவி அருகில் இருக்க முடியவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனாலும் திர்ஹமும் ரியாலும் அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அலைபேசியில் முகம் பார்த்துப் பேசுவது ஆறுதல்தான், அது கைத்தாங்கலாகாது. முடிந்த விடுப்பையெல்லாம் திருமணத்திற்கும் வீடு குடிபுகுதலுக்கும் எடுக்கும் நாம், இதற்கென்று எடுக்கிறோமா?

மூன்றாவது தீர்வை வாய்விட்டுச் சொல்லவே கூசுகிறது. ‘வீட்டைப் பார்த்துக்க ஆள் வேணும், இன்னொரு கல்யாணம் பண்ணிக்க வேண்டியதுதானே?’ நோயாளியின் காதில் விழும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டே சில உறவினர்கள் இதைச் சொல்கிறார்கள். மார்க்கம் நீதி செலுத்துவதை நிபந்தனையாக்கி அனுமதித்த ஒன்றை, சம்பளமில்லா வேலையாள் பிடிக்கும் வழியாக்குவது என்ன நியாயம்? நிக்காஹ் என்பது தாதிக்கு வேலை உத்தரவா? இருபது ஆண்டுகள் தன் காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் கஷாயம் வைத்துக் கொடுத்தவளுக்கு, ஒரு முறை நோய் வந்ததும் கிடைக்கிற கைம்மாறு இதுதானா?

கணவன் நோயுற்றால் நிலைமை என்ன? மனைவி எழுந்து நிற்கிறாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. சிறுநீரகம் வேண்டும் என்றாலும் முதலில் கை உயர்த்துபவள் அவள்தான். நம் நாட்டில் உயிரோடு இருக்கும்போதே சிறுநீரகம் தருபவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். பெறுபவர்களில் பெரும்பான்மையோர் ஆண்கள். அவள் நோயுறும்போது மட்டும் ‘ஆள் வேண்டும்’ என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது? கட்டிய கணவன் ஆள் இல்லையா?

குளிப்பாட்டவும், உடை மாற்றவும், அசுத்தம் துடைக்கவும் வேண்டிய நிலை வரும்போது, கணவன் மனைவிக்கு இடையே இருக்கும் மறைவின்மை வேறு எவருக்கும் இல்லை. மகனிடம் கூசுவாள். மருமகளிடம் கூனிக் குறுகுவாள். கணவனிடம் கூச வேண்டியதில்லை. பணிவிடைக்கு முதல் உரிமையும் முதல் தகுதியும் அவனுக்குத்தான்.

பத்ருக்குப் போகாத பத்ருத் தோழர்

‘பெண்டாட்டிக்குப் பணிவிடை செய்துகொண்டு வீட்டில் கிடக்கிறான்’ என்று ஏளனம் பேசுவோர் நம் ஊர்த் திண்ணைகளில் உண்டு. அவர்களுக்காகவே வரலாற்றில் ஒரு பக்கம் திறந்திருக்கிறது.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு, ரமளான் மாதம். இஸ்லாத்தின் முதல் பெரும் போர்க்களமான பத்ரை நோக்கி அண்ணலார் (ஸல்) அவர்கள் புறப்படுகிறார்கள். தோழர்களில் ஒருவர் மதீனாவில் தங்கிவிடுகிறார். அவர் கோழையா? இல்லை. நயவஞ்சகரா? அல்லாஹ் பாதுகாப்பானாக! அவர்தான் ஹஸ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள். பெரும் வணிகர், கொடை வள்ளல், பிற்காலத்தில் மூன்றாம் கலீஃபா. அவருடைய மனைவி, அண்ணலாரின் அருமை மகள் ருகையா (ரலி) அவர்கள் கடும் நோயுற்றிருந்தார்கள். அவரைப் பார்த்துக்கொள்ள உஸ்மான் (ரலி) அவர்களைத் தங்கச் சொன்னவர்கள் அண்ணலாரே!

அதோடு நிற்கவில்லை. பத்ரில் கலந்துகொண்டவருக்கு உரிய நற்கூலியும் பங்கும் உஸ்மானுக்கு உண்டு என்று அறிவித்தார்கள். புகாரி ஹதீஸ் தொகுப்பில் இது பதிவாகியிருக்கிறது. ருகையா (ரலி) அவர்கள் அந்த நோயிலேயே மறைந்தார்கள். வெற்றிச் செய்தி மதீனாவை எட்டிய நேரத்தில் அவர்களின் நல்லடக்கம் நடந்துகொண்டிருந்ததாக வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிற்காலத்தில் ஒருவர் வந்து, உஸ்மான் பத்ரில் கலந்துகொள்ளவில்லையே என்று குறையாகக் கேட்டார். இப்னு உமர் (ரலி) அவர்கள்தான் நடந்ததை விளக்கி அவர் வாயை அடைத்தார்கள். மனைவியின் கட்டிலருகே இருந்தவனைக் குறைத்துப் பேசும் நாக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. பதிலும் அன்றே சொல்லப்பட்டுவிட்டது!

வீட்டில் இருக்கும்போது அண்ணலார் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபடுவார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்பது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தந்த செய்தி. நோயாளியைக் கவனிக்க வேறு ஆளில்லாதவருக்கு ஜும்ஆவிலேயே சலுகை உண்டு என்று ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. மார்க்கம் இந்தப் பணியை எந்த உயரத்தில் வைத்திருக்கிறது! நாம் எங்கே வைத்திருக்கிறோம்?

நலம் விசாரிக்கப் போகிறோமா, நலம் கெடுக்கப் போகிறோமா?

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமின் மீது இன்னொரு முஸ்லிமுக்கு உள்ள உரிமை. அதை நாம் எப்படி நிறைவேற்றுகிறோம்? கை நிறையச் சாத்துக்குடி, இளநீர், ஒரு பெட்டி பேரீச்சம்பழம். டயாலிசிஸ் நோயாளியின் வீட்டுக்கு நாம் அன்போடு சுமந்து போவது இவற்றைத்தான்! அவர்கள் அதைச் சாப்பிடவும் முடியாது, மறுக்கவும் முடியாது. பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இதே நோயில் மவுத்தானவர்களின் பட்டியலை ஒப்புவிக்கிறோம். போகும்போது ஒரு நாட்டு மருந்தின் பெயரைச் சொல்லி, ‘டயாலிசிஸை நிறுத்திப் பாருங்களேன்’ என்று ஓர் இலவச ஆலோசனை வேறு. இதை நம்பி நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்பது சொல்பவருக்குத் தெரியாது. இதற்கிடையில் அந்தக் கணவன் நமக்குத் தேநீர் போட்டுக்கொண்டிருப்பான்!

பத்து நிமிடம் இருங்கள், துஆச் செய்யுங்கள். எழும்போது கணவனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘நாளைக்கு நான் எந்த நேரம் வந்து இருக்கட்டும்?’ அந்த ஒரு கேள்வி நூறு சாத்துக்குடிக்குச் சமம்.

ஜமாஅத்துகள் செய்ய வேண்டியவை

அறுவை சிகிச்சைக்கு இரண்டு லட்சம் வேண்டும் என்றால் ஜும்ஆவில் துண்டு ஏந்தி ஒரே நாளில் திரட்டிவிடுகிறோம். இது நம் பலம். ஆனால் நீண்ட நோய்க்கு வேண்டியது ஒரு நாள் பணமல்ல. ஆண்டு முழுவதும் ஆள். நாம் பணம் கொடுத்தோம், நேரம் கொடுத்தோமா? இதோ, எந்த மஹல்லாவிலும் அடுத்த மாதமே தொடங்கக்கூடிய சில பணிகள்:

ஒன்று: மஹல்லாவில் நீண்ட நோயாளிகள் இருக்கும் வீடுகளின் பட்டியல். அண்டை வீட்டு இந்து, கிறிஸ்தவச் சகோதரர்களின் வீடுகளையும் சேர்த்து எடுங்கள். பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டாம். நிர்வாகிகள் கையில் அமானிதமாக இருக்கட்டும்.

இரண்டு: முறை வைத்துத் துணை. ஒரு வீட்டுக்கு ஆறு இளைஞர்கள் போதும். வாரத்தில் ஒரு நாள், ஓர் இளைஞன், தன் பைக்கிலோ ஆட்டோவிலோ மருத்துவமனைக்குத் துணையாகப் போய் வரட்டும். பெண் நோயாளிக்குப் பெண்கள் மத்ரஸாவின் ஆலிமாக்களும் அண்டை வீட்டுச் சகோதரிகளும் முறை வைத்துக்கொள்ளலாம். கணவன் இரண்டு மணி நேரம் தூங்கினாலே அது பெரிய தர்மம்.

மூன்று: கடை காக்கும் ஏற்பாடு. கடைவீதி வணிகர்களே, இது உங்களால் மட்டுமே முடியும்! பக்கத்துக் கடைக்காரர் டயாலிசிசுக்குப் போயிருக்கும் அந்த அரை நாள், உங்கள் கடைப் பையன் ஒருவனை அவர் கல்லாவில் உட்கார வையுங்கள். சரக்குத் தவணைக்கு ஒரு மாதம் பொறுத்திருங்கள். போட்டிக் கடைக்காரனின் துன்பத்தில் வாடிக்கையாளரைப் பிடிப்பவன் வியாபாரி. அவனுடைய வாடிக்கையாளரை அவனுக்காகவே காத்துக் கொடுப்பவன் முஸ்லிம் வியாபாரி.

நான்கு: பைத்துல்மாலில் தனிக் கணக்கு. ரமளானில் மட்டும் நினைவுக்கு வரும் உதவி ஷவ்வாலில் வற்றிவிடுகிறது. நோய்க்கு ஷவ்வால் தெரியாது. மாதாமாதம் சிறு தொகை ஸதக்காவாகத் திரட்டி, ஆட்டோச் செலவுக்கும் ஊசி மருந்துக்கும் தவறாமல் போய்ச் சேரச் செய்யுங்கள். அவர்கள் கேட்டு நிற்கும் நிலையை வைக்காதீர்கள்.

ஐந்து: பிள்ளைகளின் படிப்பைக் காத்தல். தாயின் நோயால் எந்த மகளும் பள்ளியிலிருந்து நிற்கக் கூடாது என்று ஜமாஅத்தே தீர்மானம் போடட்டும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் பக்கத்து மாநிலத்தைப் பார்க்கட்டும். கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993இல் சில மருத்துவர்கள் தொடங்கிய வலி நிவாரணப் பணி, மலப்புறம் போன்ற மாவட்டங்களில் ஊர் ஊராகத் தொண்டர் படையாக வளர்ந்தது. வணிகர்களும் மாணவர்களும் தொழிலாளர்களும் பயிற்சி பெற்று, படுக்கையில் கிடப்பவர்களின் வீடு தேடிப் போனார்கள். சாமானிய மக்களின் சிறு சிறு நன்கொடைகளே அதன் முதுகெலும்பு. மக்கள் முதலில் நடந்தார்கள். அரசு பின்னால் வந்து 2008இல் அதைக் கொள்கையாகவே அறிவித்தது. மலப்புறத்து முஸ்லிமால் முடிந்தது மேலப்பாளையத்து முஸ்லிமால், வாணியம்பாடி முஸ்லிமால் முடியாதா?

அரசே, கேள்!

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நல்ல திட்டம். படுக்கையில் கிடப்போருக்கு வீட்டிலேயே வலி நிவாரணச் சேவை, இயன்முறைச் சிகிச்சை, வீட்டில் வயிறு வழியாக டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு அதற்கான திரவப் பைகள் ஆகியவை அதில் உண்டு. இந்த வயிற்று வழி டயாலிசிஸ் எல்லோருக்கும் பொருந்தாது. கிருமி புகாதபடி மிகச் சுத்தமாகச் செய்ய வேண்டும். ஆனால் பொருந்துகிறவர்களுக்கு வாரம் மூன்று முறை மருத்துவமனைக்கு ஓடும் அலைச்சல் இல்லை. கணவன் காலையில் ஒரு பை மாற்றிவிட்டுக் கடை திறக்கலாம். நம் மக்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? மருத்துவரிடம் கேளுங்கள்.

இதோடு நம் கோரிக்கைகள் மூன்று. காப்பீட்டின் வருமான வரம்பை நீண்ட நோயாளிகளின் குடும்பங்களுக்கேனும் தளர்த்த வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் சிறுநீரகச் செயலிழப்பு இல்லை. அதனால் அந்த வழியில் வரும் உதவித் தொகையும் சலுகைகளும் இவர்களுக்கு எட்டுவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வேண்டும். மூன்றாவதாக, வீட்டிலிருந்து நோயாளியைக் கவனிப்பவருக்கு உதவித் தொகை வேண்டும். இது கேட்கக் கூடாத கோரிக்கையல்ல. பிரிட்டனில் 1976இலேயே இப்படியொரு தொகை வந்தது. கேரளத்தில் ‘ஆசுவாசகிரணம்’ என்ற பெயரில், தொகை சிறிதானாலும், கொள்கை அளவில் ஏற்கப்பட்டிருக்கிறது. நோயுற்றோருக்கு அரசு துணை நிற்க வேண்டும் என்று நம் அரசியல் சாசனத்தின் 41ஆம் பிரிவு வழிகாட்டுகிறது. நாம் பிச்சை கேட்கவில்லை; சாசனம் காட்டிய வழியில் நடக்கச் சொல்கிறோம்.

இளைஞனே, உன்னிடம்...

உனக்குத் திருமணம் பேசும்போது மஹரும் மண்டபமும் வலிமாவும் பேசப்படும். நோய் பேசப்படாது. ஆனால் ‘கபூல்’ என்று நீ சொல்கிற அந்த ஒரு சொல்லுக்குள் நோயும் அடங்கியிருக்கிறது. ஆரோக்கியமாக இருக்கும் மனைவியிடம் அன்பு காட்ட எவனாலும் முடியும். சமைக்க முடியாதவளாக, நடக்க முடியாதவளாக, சிடுசிடுப்பவளாக, ‘உங்களுக்குப் பாரமாயிட்டேனே’ என்று நாள்தோறும் அழுகிறவளாக ஆகிவிட்டவளிடம் காட்டுவதுதான் அன்பு. சிறந்தவர் யார் என்பதை மனைவியிடம் நடந்துகொள்ளும் விதத்தை வைத்தே அண்ணலார் அளந்து காட்டிவிட்டார்கள்.

ஆகவே இன்றே தொடங்கு. உன் வீட்டில் உம்மாவின் மாத்திரைகள் எந்த வேளைக்கு எது என்று தெரிந்து வைத்துக்கொள். சோறு வடிக்கக் கற்றுக்கொள். காய் நறுக்கக் கற்றுக்கொள். நாற்பது வயதைக் கடந்த உன் வாப்பாவையும் உம்மாவையும் ஆண்டுக்கு ஒரு முறை சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகப் பரிசோதனைக்கு அழைத்துப் போ. வலிக்கெல்லாம் கடையில் கேட்டு வாங்கிப் போடும் வலி மாத்திரைகளைத் தடுத்து நிறுத்து. அவையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பிறகு உன் தெருவில், பகலெல்லாம் கதவு ஒருக்களித்தே கிடக்கும் அந்த ஒரு வீட்டின் வாசலில் போய் நில். ஸலாம் சொல். எந்த நாள், எந்த நேரம் உன்னால் வர முடியும் என்பதைச் சொல். சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் போ. அடுத்த வாரமும் போ.